கன்றுக்கு முதல் இரண்டு மாதம் எவ்வளவு பால் கொடுப்பது?

மாடு வளர்க்கத் தொடங்கியவர்கள் செலவைக் குறைக்க நினைத்ததும் முதலில் கை வைப்பது கன்றின் பாலில்தான். அளந்து ஊற்றினால் காசு, கன்று குடித்தால் போச்சு. கறவைக்கு வர இன்னும் இரண்டு வருஷம் ஆகப்போகிற கிடேரிக்கு இத்தனை லிட்டரா என்று தோன்றும். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு நாள்வாரியாக என்ன செய்வது என்று போகலாம்.

விட்டுப்போகிற வரி

பிறந்த கன்று 40 கிலோ என்று வையுங்கள். குளிரும் நோயும் இல்லாத நாளில், எடை ஏறாமலும் இறங்காமலும் அப்படியே இருப்பதற்கு மட்டும் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் பால் வேண்டும். மூச்சு விடவும், உடல் சூட்டைக் காக்கவும், எழுந்து நடக்கவுமே அது செலவாகிவிடும். எலும்பு நீள்வதும் சதை பிடிப்பதும் அதற்கு மேல் குடிக்கிற பாலில்தான்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய வழக்கப்படி 4 லிட்டர் கொடுத்தால், வளர்ச்சிக்கு மிஞ்சுவது ஒன்றரை லிட்டர். கன்று நாளைக்கு 250, 300 கிராம் ஏறும். 8 லிட்டர் கொடுத்தால் மிஞ்சுவது ஐந்தரை லிட்டர். பால் இரண்டு மடங்குதான் கூடியது. வளர்ச்சிக்கான பங்கோ மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. அதே கன்று 700, 800 கிராம் ஏறும். திருப்பியும் பாருங்கள். 4 லிட்டரில் ஒரு லிட்டரைக் குறைத்தால் கால் பங்கு குறைத்ததாகத்தான் நமக்குப் படும். வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும்.

பத்தில் ஒரு பங்கு வழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பால் குறைந்தால் பசியில் கன்று சீக்கிரம் தீவனத்துக்கு வரும், பாலை விரைவில் நிறுத்திவிடலாம் என்ற கணக்கு அது. ஆனால் முதல் மூன்று வாரம் கன்று அடர்தீவனத்தை, அதாவது தானியம் சேர்ந்த தீவனத்தை, தின்பது மிகமிகக் குறைவு. தின்றாலும் அதைச் செரிக்கும் வயிறு இன்னும் தயாராகவில்லை. ஆக அந்த மூன்று வாரமும் வெறும் பசிதான். விருப்பப்படி குடிக்க விட்டால் பெரிய இனக் கன்று நாளைக்கு 8 முதல் 12 லிட்டர் வரை குடிக்கும்.

பின்னாளில் பால் கூடுமா?

கூடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் பேச்சு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிடேரிகளின் பதிவேட்டை ஆராய்ந்து 2012-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பால்குடிப் பருவத்தில் அன்றாடம் ஏறிய எடையில் 1 கிலோ வித்தியாசம் இருந்தால், முதல் ஈற்றில் 850 கிலோ பால் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் சேர்த்துப் பார்த்த ஒரு வணிகப் பண்ணையில் 1,113 கிலோ. நடைமுறையில் யாரும் 1 கிலோ வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது. 300 கிராம் கூட்டினோம் என்றால், முதல் கணக்குப்படி முதல் ஈற்றில் ஏறக்குறைய 250 கிலோ பால்.

பிறகு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள். பலன் உண்டு, ஆனால் கன்று நாளைக்கு அரை கிலோவாவது ஏறினால்தான் தெரிகிறது, வம்சமும் பிற்காலப் பராமரிப்பும் அதைவிடப் பெரிதாகப் பேசுகின்றன என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆகவே எதிர்காலப் பாலை மட்டும் நம்பி கன்றுக்குப் பால் கொடுக்காதீர்கள். சாவு குறைவது, மருந்துச் செலவு குறைவது, கிடேரி முன்கூட்டியே சினைக்கு வருவது ஆகியவை கண்ணுக்கு முன்னால் கிடைக்கிற லாபம். பால் கூடினால் அது மேல்வரவு.

பால் கூடுவதற்கான காரணம் மடியிலேயே இருக்கிறது. பால் சுரக்கும் திசுவின் முதல் அடித்தளம் இந்த வயதில் போடப்படுகிறது. முதல் இரண்டு மாதம் நன்றாக ஊட்டம் பெற்ற கன்றுகளின் மடியில் அந்தத் திசு கூடுதலாக இருந்ததை, மடியை அறுத்து எடை போட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முதல் நாள்: சீம்பால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதம் கருவிலேயே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. தாயின் சீம்பாலைக் குடித்துத்தான் பெற வேண்டும். குடலும் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உள்ளே விடுவது சில மணி நேரம்தான். பிறந்ததிலிருந்து நேரம் போகப்போக அந்த வழி அடைந்துகொண்டே வரும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும்.

ஆகவே அளவு இது: பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் இரண்டு மணி நேரத்துக்குள். அதிகபட்சம் நான்கு மணி நேரம். 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர், 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பிறகு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அதில் பாதி அளவு இன்னொரு வேளை. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கறக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காத்திருக்காதீர்கள். கன்றின் குடலும் காத்திருக்காது. கறக்கத் தாமதமானால் மடியில் இருக்கும் சீம்பாலின் வீரியமும் குறையும்.

தாயிடம் விட்டால் தானே ஊட்டிக்கொள்ளாதா? சில கன்றுகள் ஊட்டும், சில காம்பைத் தேடியே களைத்துவிடும். எப்படியானாலும் எவ்வளவு உள்ளே போனது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் முதல் வேளையை மட்டுமாவது கறந்து நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள். மீதி நேரம் தாயோடு விடுவதில் தடையில்லை.

பாட்டில் கொடுக்கும்போது கன்று நிற்கட்டும், அல்லது நெஞ்சு தரையில் பட நிமிர்ந்து உட்காரட்டும். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கக் கூடாது. தாயின் காம்பை எட்டுகிற அளவுக்கு மட்டும் கழுத்து நீண்டால் போதும். முதலில் சுத்தமான விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நாக்கு விரலைச் சுற்றி இழுத்தால் உடனே நிப்பிளை மாற்றுங்கள். வாய் குளிர்ந்திருந்து நாக்கு அசையவில்லை என்றால் ஊற்றாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கன்றுக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும். அதைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் பார்த்துப் பழகிய கைதான் செய்ய வேண்டும்.

தரம் பார்ப்பது கடினமில்லை. கெட்டியாக, மஞ்சளாக இருப்பதெல்லாம் நல்ல சீம்பால் என்று கண்ணை நம்ப முடியாது. பிரிக்ஸ் மானி என்ற சிறு கருவியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் 22-க்கு மேல் காட்ட வேண்டும். குறைந்தால் வேறு மாட்டின் நல்ல சீம்பாலைக் கொடுங்கள். அதற்காகவே, கூடுதலாகக் கிடைக்கும் நல்ல சீம்பாலை ஒரு வேளை அளவு பைகளில் உறையவைத்து வைத்துக்கொள்வது நல்லது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும். உருக்கும்போது கை பொறுக்கும் வெந்நீரில் பையை வைத்து மெதுவாக உருக்குங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும். அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்சுவது சீம்பாலை வீணாக்குவதற்குச் சமம்.

சுத்தம் பற்றி ஒரு வரி. மடியைக் கழுவித் துடைத்து, கழுவிய பாத்திரத்தில் கறக்க வேண்டும். அழுக்கான சீம்பாலில் கிருமி மட்டும் இல்லை, எதிர்ப்புப் புரதம் குடலில் உறிஞ்சப்படுவதையும் அந்தக் கிருமிகள் தடுக்கின்றன.

சீம்பாலின் வேலை நோயைத் தடுப்பதோடு முடிவதில்லை. குடலை வளர்க்கும் இன்சுலின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள் அதில் சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு உண்டு. பிரவுன் சுவிஸ் கன்றுகளில் செய்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கூட்டத்துக்கு 2 லிட்டரும் இன்னொன்றுக்கு 4 லிட்டரும் சீம்பால் கொடுத்தார்கள். 4 லிட்டர் குடித்தவை வேகமாக வளர்ந்தன, முதல் இரண்டு ஈற்றிலும் சேர்த்துப் பார்த்தால் பாலும் கூடுதலாகக் கறந்தன. ஒரே நாளின் 2 லிட்டர் வித்தியாசம்.

சீம்பால் ஏறியதா என்று சோதிக்க வழி இருக்கிறது. ஒரு நாளிலிருந்து ஏழு நாளுக்குள் கன்றின் இரத்தம் எடுத்து, சீரத்தில் மொத்தப் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு 5.2 கிராமுக்குக் கீழே இருந்தால் தோல்வி. 6.2-க்கு மேல் இருந்தால் மிக நன்று. எல்லாக் கன்றுக்கும் வேண்டாம். அவ்வப்போது சில கன்றுகளில் பார்த்தாலே உங்கள் முறை சரியா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் நாளிலிருந்து

அடுத்த இரண்டு, மூன்று நாள் மாடு கறப்பது முழுச் சீம்பாலும் இல்லை, முழுப் பாலும் இல்லை. அதை விற்கவும் முடியாது. அப்படியே கன்றுக்குக் கொடுங்கள். எதிர்ப்புப் புரதம் இனி இரத்தத்தில் ஏறாவிட்டாலும், குடலுக்குள்ளேயே நின்று காவல் காக்கும்.

முதல் வாரம் பிறந்த எடையில் 15 சதவீதம், அதாவது 40 கிலோ கன்றுக்கு நாளைக்கு 6 லிட்டர். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை 20 சதவீதம், 8 லிட்டர். சின்ன இனக் கன்று 25 கிலோவில் பிறந்திருந்தால் இதே கணக்கில் சுமார் 4 லிட்டரும் பிறகு 5 லிட்டரும். இதை இரண்டு வேளையாகப் பிரிக்கலாம். மூன்று வேளை இன்னும் நல்லது. தினமும் ஒரே நேரம், ஒரே சூடு. 38 முதல் 40 டிகிரி, அதாவது மணிக்கட்டில் விட்டால் இதமாகச் சுட வேண்டும்.

நிறையப் பால் கொடுத்தால் கழியும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பால் கூடினால் சாணம் இளகும், அது உண்மை. ஆனால் கழிச்சல் நோயைத் தருவது கிருமியும், அழுக்குப் பாத்திரமும், ஏறாத சீம்பாலும், இன்றைக்குச் சூடாக நாளைக்கு ஆறியதாகக் கொடுப்பதும்தான். அளவை ஒரே நாளில் தாவாமல் சில நாளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

வாளியில் கொடுப்பதைவிட நிப்பிள் நல்லது. மாட்டின் வயிறு நான்கு அறை கொண்டது; ஒவ்வொன்றையும் ஒரு வயிறு என்றே சொல்வோம். கன்று சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விழவிடாமல் நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பும். அங்கேதான் பால் திரிந்து செரிக்கும். மடக்மடக்கென்று வாளியில் குடிக்கும் கன்றுகளில் சிலவற்றுக்குப் பால் வழிமாறி முதல் வயிற்றில் விழுந்து புளித்துவிடும். நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கி வேகமாக முடிக்கப் பார்க்காதீர்கள். அதுவும் வாளி மாதிரிதான்.

பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கும் மில்க் ரீப்ளேசர் பொடியைப் பயன்படுத்தலாம். பையின் பின்புறத்தைப் படியுங்கள்: புரதம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வேகமாக வளர்க்க வேண்டுமானால் 24-க்கு மேல் இருப்பது நல்லது, அந்தப் புரதம் பாலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். முதல் மூன்று வாரம் சோயா கலந்த பொடி வேண்டாம், கன்றுக்குச் சரியாகச் செரிக்காது. பொடியைக் கண்ணளவில் போடாமல் எடை போட்டுக் கலக்குங்கள். ஒரு லிட்டர் கரைசலில் 125 முதல் 150 கிராம் என்பது வழக்கமான அளவு. பொடி மிச்சமாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் கன்றின் வயிறு நிறையும், உடம்பு நிறையாது.

மடிநோய் மாட்டின் பால், ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பால் என்று விற்க முடியாததையெல்லாம் கன்றுக்கு ஊற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். கிருமியும் போகும், மருந்துக்கு அடங்காத கிருமியைக் கன்றின் குடலிலேயே வளர்த்ததாகவும் ஆகும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து அப்படியே தங்கும்.

குளிர்காலத்தில் கணக்கு மாறும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வெளிச்சூடு 15 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளப் பால் கூடுதலாகச் செலவாகத் தொடங்கும். அப்போது ஒரு வேளையைக் கூட்டுங்கள், கால் மறைகிற அளவுக்கு உலர்ந்த வைக்கோல் பரப்புங்கள். நனைந்த படுக்கையில் கிடக்கும் கன்றுக்கு எவ்வளவு ஊற்றினாலும் எடை ஏறாது.

தண்ணீரும் தீவனமும்

பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். பால் போவது நான்காம் வயிற்றுக்கு, தண்ணீர் போவது முதல் வயிற்றுக்கு. அங்கே தீவனத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வாழத் தண்ணீர் வேண்டும். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் குடிதண்ணீர் கொடுக்காத கன்றுகள் தீவனத்தை 31 சதவீதம் குறைவாகத் தின்றன, எடை 38 சதவீதம் குறைவாக ஏறியது. காசு பெறாத ஒரு வாளித் தண்ணீர்! மூன்றாம் நாளிலிருந்து எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். தீவனத் தொட்டியிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் கன்று ஈரவாயைத் தீவனத்தில் வைத்து எல்லாவற்றையும் கூழாக்கிவிடும்.

கன்றுக்கான அடர்தீவனம் மூன்றாம், நான்காம் நாளிலிருந்து ஒரு கைப்பிடி. புரதம் 18 முதல் 20 சதவீதம், பொடியாக இல்லாமல் கொரகொரப்பாக. பால் குடித்து முடித்த கையோடு, இன்னும் சப்பிக்கொண்டிருக்கும் வாயில் கொஞ்சம் வைத்தால் ருசி பிடித்துவிடும். மறுநாள் மிச்சத்தை எடுத்துப் பெரிய மாட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள். எச்சில் பட்டுப் பூசணம் பிடித்த தீவனத்தைக் கன்று முகர்ந்துகூடப் பார்க்காது.

இதில் புதியவர்கள் குழம்புவது புல்லில். பிறக்கும்போது முதல் வயிறு மொத்த வயிற்றில் கால் பங்குதான். அதன் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மொட்டுகள் வளரக் காரணம் தானியம் புளித்து உண்டாகும் அமிலங்கள், முக்கியமாகப் பியூட்ரிக் அமிலம். புல் வயிற்றை விரிக்கும். மொட்டுகளை அந்த அளவுக்கு வளர்க்காது. ஒரு மாதத்திலேயே பாலைக் குறைத்துப் பசும்புல்லில் விட்ட கன்றைப் பார்த்தால் தெரியும்: வயிறு பானை மாதிரி தொங்கும், முதுகெலும்பு தடவினால் கையில் உறுத்தும், ரோமம் பளபளப்பில்லாமல் சிலிர்த்து நிற்கும். பார்ப்பவர்கள் நன்றாகத் தின்கிறது என்பார்கள். நறுக்கிய நல்ல உலர்புல் கொஞ்சமாக மூன்றாம் வாரத்திலிருந்து வைக்கலாம். பசும்புல்லைப் பால் மறக்கடித்த பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

கழிச்சல் வந்தால்

பாலை நிறுத்தாதீர்கள். குடலை ஓய்வாக விடுகிறோம் என்ற பெயரில் பட்டினி போட்டால் நோயோடு பசியும் சேரும். பாலை வழக்கம்போலக் கொடுத்து, வேளைகளுக்கு இடையில் எலக்ட்ரோலைட் கரைசல் (இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) 2 லிட்டர் தனியாகக் கொடுங்கள். கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே திரும்பாமல் நின்று, கன்று சப்பவும் மறுத்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதற்கு ஊசி வழியாக நீரேற்ற வேண்டியிருக்கும். தொப்புளுக்கு அயோடினைப் பிறந்த உடனேயே தடவிவிடுங்கள், குடற்புழு மருந்தை அவர் சொல்லும் நாளில் கொடுங்கள்.

பால் மறக்கடித்தல்

நாளைப் பார்க்காமல் தொட்டியைப் பாருங்கள். எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். கூடவே பெரிய இனக் கன்று நாளைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிலோ தீவனத்தை மூன்று நாள் தொடர்ந்து தின்ன வேண்டும். ஏழாம் வாரத் தொடக்கத்திலிருந்து பாலைப் படியாகக் குறைத்து வாருங்கள்: 8, 6, 4, 2 என்று பத்துப் பதினான்கு நாளில். நிறையப் பால் குடித்த கன்றை ஒரே நாளில் நிறுத்தினால் அதுவரை ஏறிய எடை இறங்கிவிடும். நிறையப் பால் கொடுத்துப் பலன் தெரியவில்லை என்று சொல்பவர்களில் பலர் தடுக்கிவிழும் இடம் இதுதான். அந்த வாரத்தில் கொம்பு சுடுவது, கொட்டில் மாற்றுவது எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அளந்து எழுதுங்கள்

பிறந்த அன்று தராசில் எடை. பிறகு வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைப் பால் கொடுக்கும் முன், எடையைக் கணிக்க உதவும் மார்புச் சுற்றளவு நாடா. முன்னங்காலுக்கு நேர் பின்னால் நாடாவைச் சுற்றி, ரோமத்தை அழுத்தாமல், தோலில் படிகிற அளவுக்கு இழுங்கள். கன்று தலையைத் தூக்கி நேராக நிற்கட்டும். 56-ஆம் நாளில் பிறந்த எடை இரண்டு மடங்காக வேண்டும். 40 கிலோ 80 ஆனால் நாளைக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாமல் நின்றுவிட்டால் கன்றின் மேல் குறை சொல்லாமல் பாலின் அளவு, சூடு, படுக்கை, தண்ணீர் வாளி என்று வரிசையாகப் பாருங்கள்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

இங்கே விதி மாறுகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து பருவத்துக்கு வரும்வரை மாவுச்சத்தை அளவில்லாமல் கொட்டினால் மடியில் கொழுப்பு சேரும், பால் திசு குறையும். பால்குடிப் பருவத்தில் எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்றிருந்த கை, இப்போது சற்று இறுக வேண்டும். பெரிய இனத்துக்கு நாளைக்கு 700 முதல் 800 கிராம் ஏறினால் போதும். முதல் சினையூசிக்கு, அந்த இனத்தின் முழு வளர்ச்சி எடையில் 55 சதவீதம் வந்திருக்க வேண்டும். தாய் 450 கிலோ என்றால் கிடேரி சுமார் 250 கிலோ. நன்றாக வளர்ந்த அயல் இனக் கிடேரிகள் 13 முதல் 15 மாதத்தில் இதை எட்டி, 24 மாதத்துக்குள் கன்று ஈனும். திமில் உள்ள நாட்டு இனங்கள் மெதுவாகத்தான் வரும், அவற்றை வயதை வைத்து அவசரப்படுத்தாதீர்கள். எடையோடு தோள் உயரத்தையும் மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். எடை ஏறி உயரம் நின்றுவிட்டால் தானியத்தைக் குறைத்து, புரதம் உள்ள தீவனத்தையும் நார்ச்சத்தையும் கூட்ட வேண்டிய நேரம்.